கட்டத்தில் போட்ட முப்பது

மச்சான் தவ்ஃபீக்கிடமிருந்து போன் வந்தபோது ஷாகிர் பாய் இருபத்தொன்பதாவது நோன்பில் இருந்தார். தவ்ஃபீக்குக்கு அன்று பெருநாள். வளைகுடாவில் பிறை ஒரு நாள் முன்னதாகத் தெரிந்துவிடுவது வழக்கம்தான். கீழக்கரையில் பாதி வீடுகளுக்கு வருடத்துக்கு இரண்டு பெருநாள், ஒன்று போனில், ஒன்று வீட்டில். அதனால் ஷாகிர் பாய் சிரித்துக்கொண்டே போனை எடுத்து, "ஈத் முபாரக் மச்சான்" என்றார். மறுமுனையில் பதில் வாழ்த்து வரவில்லை. பக்கத்து மேசையிலிருந்த எனக்கே தவ்ஃபீக்கின் குரல் கேட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் துடைக்கிற வண்டியோடு நிற்கிறானாம். பெருநாள் தொழுகை போய்விட்டதாம். "இன்னிக்கு நோன்பு முப்பது, வழக்கமான டூட்டின்னு கம்பெனி மெசேஜ் வந்துருக்கு மச்சான். வரலைன்னா ஒரு நாள் சம்பளத்தைப் பிடிச்சுருவேங்குறாரு சூப்பர்வைசர். ஊரே புதுச் சட்டை போட்டுட்டுப் போவுது, நாங்க மட்டும் இங்கன நிக்கிறோம்." ஷாகிர் பாயின் முகத்தில் சிரிப்பு சற்று நேரம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த மெசேஜை அனுப்பியது எங்கள் புரோகிராம். அதற்கு முப்பது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்.

ராமநாதபுரத்தில் ஒரு உரக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். நான்கு பேர், ஐந்து கணினி, யூரியா வாசம். உக்கிரபாண்டி அண்ணன் முதலாளி. பெயரில் இருக்கிற உக்கிரம் அவரிடம் வேறெங்கும் கிடையாது. தங்கச்சிமடத்து இமானுவேல், கீழக்கரை ஷாகிர் பாய், பரமக்குடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இறங்கும் நாகஜோதியாகிய நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை மற்ற மூவரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதுவது கோபால் (COBOL) என்கிற கணினி மொழி. அறுபது வயது தாண்டியது. தமிழில் எழுதினால் யாரோ பெரியப்பா பெயர் மாதிரி இருக்கும். பெரியப்பாவைப் போலவே அதுவும் இன்னும் பல இடங்களில் கணக்கு வழக்கைத் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. வளைகுடாவில் துப்புரவு வேலை எடுத்து நடத்தும் ஒரு கம்பெனியில் முப்பதாயிரம் பேருக்குச் சம்பளமும் டூட்டியும் போடுவது இந்த மொழியில் எழுதிய புரோகிராம்தான். அதைப் பழுது பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

அந்தக் கம்பெனிக்கு ஹிஜ்ரி மாதம் முக்கியம். மாதம் இருபத்தொன்பதா முப்பதா என்பதைப் பிறை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனால் மாதம் பிறந்த அன்றே புரோகிராம் ஒரு கட்டத்தைக் காட்டி, இந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று கேட்கும். காலியாக விட்டால் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஷாகிர் பாய் எப்போதும் முப்பது என்று போட்டு வைப்பார். இருபத்தொன்பதாம் நாள் மாலை வளைகுடாவில் பிறை அறிவிப்பு வந்ததும், தேவையானால் மாற்றுவார். நாலு வருடமாக ஒரு பிசகும் இல்லை. இந்த முறை கம்பெனிக்கு இருபத்தொன்பது பிறந்த அன்று கீழக்கரையில் நோன்பு இருபத்தெட்டு. அவர் உடம்பு கீழக்கரைக் கணக்கில் பசித்து, கீழக்கரைக் கணக்கில் கஞ்சி குடித்தது. பிறை பார்க்கிற நாள் நாளைக்குத்தானே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு மாதங்களில் ஒரே நேரத்தில் வாழ்கிறவர்தான் இப்படி மறக்க முடியும். மறுநாள் வளைகுடாவுக்கெல்லாம் பெருநாள், எங்கள் கணினிக்கு மட்டும் நோன்பு முப்பது.

கம்பெனி சும்மா இருக்குமா? சம்பளப் பிரிவுக்குத் தலைமையாக இருந்த மலையாளி அம்மா, தவறு செய்த ஆளை மே மாதத்துக்குள் தங்கள் வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று உக்கிரபாண்டி அண்ணனுக்கு எழுதிவிட்டார். எங்களிடம் இருப்பதே அந்த ஒரு வாடிக்கைதான். அந்த வேலையிலிருந்து எடுப்பது என்றால் ஆபீஸிலிருந்தே எடுப்பதுதான். கீழக்கரையில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். ஷாகிர் பாயும் மனைவி சுஹாவின் வீட்டில்தான் இருக்கிறார். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் கிடந்துவிட்டு, மகள் லாமியா தன்னை வீடியோவில் வருகிற மாமா என்று சொன்னதைக் கேட்டுப் பயந்து ஊர் திரும்பியவர். வேலை இல்லாமல் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. மறுபடி விமானம் ஏறுவது ஒன்றுதான் வழி. அதற்கு விசா பார்க்கிறேன் என்று முன்வந்தது யார் தெரியுமா? பெருநாள் தொழுகையை இழந்த அதே தவ்ஃபீக்.

இது இப்படி இருக்க, வருடாந்திரக் கூட்டம் வந்தது. நாங்கள் எழுதும் மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளைத் தயாரிப்பது ஒரு ஐரோப்பியக் கம்பெனி. வருடத்துக்கு ஒருமுறை, உலகமெங்கும் இருந்து அதைப் பயன்படுத்துகிறவர்களை இணையத்தில் கூட்டி, இந்த மொழிக்குப் புதிதாக என்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு ஆபீஸுக்கு ஒரே ஒரு கோரிக்கை. பேச ஐந்து நிமிடம், பிறகு வாக்கெடுப்பு. எங்களைப் போன்றவர்களின் வாடிக்கையாளர்களும் உட்கார்ந்து கேட்பார்கள். மலையாளி அம்மாவும் வருவார். உக்கிரபாண்டி அண்ணன் பதினோரு வருடமாக ஒரே கோரிக்கையைத்தான் வைத்து வருகிறார். ஆட்களின் பெயருக்கு நீளக் கட்டுப்பாடு கூடாது. போன வருடம் மயிரிழையில் தவறியது. இந்த வருடம் அது கட்டாயம் தேறும் என்று அங்கிருந்தே ஒருவர் எழுதியிருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு விவாதம் தொடங்கியது. இமானுவேலுக்கு எல்லாமே வேண்டும். "புதுசா படிச்சு வர்றவய்ங்க இந்த மொழியப் பாத்தாலே ஓடுறாய்ங்க. மூஞ்சியவே மாத்தணும்ணே. நாலு வார்த்தைல முடியுறத நாப்பது வார்த்தைல எழுதச் சொல்லுது" என்றான்.

"நாப்பது வார்த்தைல எழுதுறதாலதான் நாப்பது வருசம் கழிச்சும் படிக்க முடியுது. நீ போன வாரம் எழுதுனது உனக்கே புரியல" என்றேன். அவன் குனிந்து மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினான்.

உக்கிரபாண்டி அண்ணன் தன் கட்சியைச் சொன்னார். "இருபது எழுத்துக்கு மேல போனா பேரை வெட்டுது. செய்யது முகமது புகாரின்னு ஆரம்பிச்சு அத்தா பேரு, ஊர்ப் பேருன்னு போற ஆளுக எத்தனை பேரு அங்கன இருக்காக. வெட்டுனா எல்லாம் ஒரே பேரு. ஒருத்தன் லீவை இன்னொருத்தன் கணக்குல கழிச்சுருச்சுல்ல, போன வருசம்? ஒரு மனுசனுக்கு அவன் முழுப் பேரைக் கொடுக்க முடியாத மொழி என்ன மொழி?" அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அபூர்வம். சாப்பாட்டைக்கூட மறந்து பேசினார்.

நியாயம்தான். ஆனால் எதிரே ஷாகிர் பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு கவளமும் எடுத்து வைக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன். "அண்ணே, இந்த வருசம் வேற ஒண்ணு கேப்போம். கட்டத்துல 'இன்னும் தெரியல'ன்னு போட ஒரு வழி வேணும்னு கேப்போம். பாய் போட்ட முப்பது நெசமான முப்பது இல்ல. சும்மா இடத்தை அடைக்கப் போட்டது. அதைத் தனியாத் தெரிஞ்சுக்க மொழியில வழி இல்ல. வழி இருந்திருந்தா இந்தத் தப்பே நடந்திருக்காது. நாளைக்கு அந்தம்மாவும் கேக்குமுல்ல?"

உக்கிரபாண்டி அண்ணன் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "வேணாம் ஜோதி. தெரியாதுன்னு சொல்ல ஒரு வாசலைத் தொறந்துவிட்டா எல்லாப் பயலும் அந்த வாசல் வழியாத்தான் போவான். ஏதாச்சும் போட்டே ஆகணும்ங்கறதாலதான் மனுசன் கொஞ்சமாச்சும் யோசிக்கிறான். இன்னொண்ணு, தெரியாததோட முப்பதைக் கூட்டுனா என்ன வரும்? தெரியாது. சம்பளம் எவ்வளவு? தெரியாது. மாசக் கடைசியில முப்பதாயிரம் பேருக்குத் தெரியாதுன்னு சீட்டுக் கொடுப்பியா?"

"கூட்டவே விடக் கூடாதுண்ணே. அந்தக் கட்டத்தைத் தொட்ட உடனே புரோகிராம் நிக்கணும். நின்னு, இதைச் சொல்ல வேண்டிய ஆளு இன்னும் சொல்லலைன்னு கத்தணும். யாரு சொல்லணும்ங்கற பேரும் அந்தக் கட்டத்துக்குள்ளயே இருக்கணும். வெறும் தெரியாது இல்ல. இன்னாருக்காகக் காத்திருக்கு. அவ்வளவுதான்." இது எனக்கே அந்த நேரத்தில் தோன்றியதுதான். சொல்லி முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையை ஷாகிர் பாய் ஒரே வாக்கியத்தில் போட்டு உடைத்தார். "என் தப்புக்கு மொழிய மாத்துவீகளா?" அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மறந்தது நானு. தொழுகை போனது என் மச்சானுக்கு. அதுக்கு மொழி மேல பழியப் போட்டுட்டு நான் நல்லவனா நிக்கணுமாக்கும்? பேரு விசயத்தையே கேளுங்கண்ணே. வீட்ல பேசியாச்சு. விசா வந்துரும், இன்ஷா அல்லாஹ்."

எனக்குக் கோபம் வந்தது. நல்லவர்கள் தங்கள் கழுத்தைத் தாங்களே நீட்டிக்கொண்டு நிற்கும்போது வருகிற கோபம். வாக்கெடுத்தோம். பெயருக்கு மூன்று கை, அதில் ஷாகிர் பாயின் கையும் ஒன்று. என் பக்கம் நான் மட்டும். டிபன் பாக்ஸைக் கழுவும்போது வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன். அண்ணனுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம். நால்வரும் ஒரே மடிக்கணினியின் முன் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தோம். திரை முழுக்கச் சின்னச் சின்ன முகங்கள். மலையாளி அம்மா முகம் காட்டவில்லை, அவர் பெயர் மட்டும் ஓரத்தில் இருந்தது. வங்கிக்காரர்கள், காப்பீட்டுக்காரர்கள், ஏதோ நாட்டு ரயில்வேக்காரர்கள் என்று வரிசையாகப் பேசினார்கள். ஒருவர் மொழியை அடியோடு புதுப்பிக்கச் சொன்னார், அடுத்தவர் ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள் என்று கெஞ்சினார். இவ்வளவு பேர் ஒரு பழைய மொழிக்காக இத்தனை மும்முரமாகச் சண்டை போடுகிறார்களே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். எங்கள் முறை வந்தது. பேசுகிறவர்களின் பட்டியலில் அண்ணன் பெயர் இருந்தது, பாதி. உக்கிரபா என்பதோடு முடிந்துபோயிருந்தது. இமானுவேல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அண்ணே, சாட்சி கையிலயே இருக்கு. ஜெயிச்சாச்சு!"

அண்ணன் சிரிக்கவில்லை. வெட்டுப்பட்ட தன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலைமை வகித்தவர் இரண்டாவது முறை அழைத்தார். அண்ணன் மைக்கைத் திறக்காமல் எங்கள் பக்கம் திரும்பினார். "பேரு பாதி போனாலும் ஆளு நான் இங்கனதான் உக்காந்துருக்கேன். ஆளே போயிட்டா பேரை முழுசா வச்சு நான் என்னத்தச் செய்ய?" என்றார். பிறகு மைக்கைத் திறந்து, தன்னுடைய சாத்தூர்க் கல்லூரி இங்கிலீஷில், "என் கோரிக்கை பதினோரு வருடம் காத்திருந்தது, இன்னும் ஒரு வருடம் காத்திருக்கும், இன்றைக்கு எங்கள் ஆபீஸ் சார்பில் வேறொருவர் வேறொன்று பேசுவார்" என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியை ஷாகிர் பாய் முன்னால் தள்ளினார்.

ஷாகிர் பாய் மைக்கைக் கையால் பொத்தினார். "நான் என்னத்தண்ணே பேச?"

"தவ்ஃபீக்குக்கு என்ன நடந்துச்சோ அதைப் பேசு. மத்ததை ஜோதி பாத்துக்கிரும்."

அவர் பேசினார். வளைகுடாவில் கற்ற இங்கிலீஷ், இலக்கணம் அங்கங்கே உதிர்ந்திருக்கும், ஆனால் தயக்கமில்லாதது. தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "நான் இருக்கிற ஊரில் ஒரு தேதி. நான் வேலை செய்கிற ஊரில் வேறு தேதி. இரண்டையும் வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மாதம் எத்தனை நாள் என்று முதல் நாளே கணினி கேட்கும். எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வழியில்லாததால் முப்பது என்று போட்டேன். பிறகு மாற்ற மறந்தேன். மறந்தது என் தப்பு, அதை நான் யார் மேலும் போடவில்லை. என் மனைவியின் தம்பி பெருநாள் அன்று ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைப் போல இன்னும் ஆயிரக்கணக்கான பேர். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் மறந்துவிட்டேன் என்று அந்தக் கணினிக்கு ஏன் தெரியவில்லை? பிறை பார்த்துப் போட்ட முப்பதும் பார்க்காமல் போட்ட முப்பதும் அதற்கு ஒன்றாகவே தெரிகிறது. நான் சொன்ன பொய்யை அது நம்பிவிட்டது. பொய் சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு வழி கொடுங்கள்."

அவர் மைக்கை மூடினார். தொலைந்தது என்று நினைத்தேன். அப்புறம் திரையின் ஓரத்தில் செய்திகள் ஏறத் தொடங்கின. வடக்கே பனி நாட்டிலிருந்து ஒரு அம்மா எழுதினார்: பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு நாங்கள் 1900 ஜனவரி ஒன்று என்று போடுகிறோம், எங்கள் கணக்குப்படி நாலாயிரம் பேர் ஒரே காலையில் பிறந்திருக்கிறார்கள். அடுத்தவர், எங்களிடம் வயது தெரியாதவர்கள் எல்லோருக்கும் தொண்ணூற்றொன்பது, பள்ளிக்கூடப் பையன்களுக்குக்கூட ஓய்வூதியக் கடிதம் போயிருக்கிறது என்றார். ஒரு வங்கிக்காரர், வாடிக்கையாளரின் போன் எண் தெரியாவிட்டால் பழைய மேனேஜரின் எண்ணைப் போடுவோம், பாவம் அவர் எண்ணையே மாற்றிவிட்டார் என்றார். வேகமாக ஏறிக்கொண்டிருந்தது, படிக்க முடியவில்லை. உலகம் முழுக்க ஆள் ஆளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு பொய்யைப் போட்டுவைத்து, இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். எங்கள் உரக்கடை மாடியில் இமானுவேல் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

அந்த வரிசையில் மலையாளி அம்மாவின் பெயரும் வந்தது. ஷாகிர் பாய் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "லீவிலிருந்து எப்போது திரும்புவார்கள் என்று தெரியாத ஊழியர்களுக்கு நாங்கள் என் பிறந்தநாளைப் போட்டு வைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு இருநூறு பேர் திரும்பி வந்ததாகக் கணினி எனக்குச் சொல்கிறது. ஒருவரும் வருவதில்லை." அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

மென்பொருள் கம்பெனிக் குழுவில் மூத்தவர் ஒருவர் அண்ணன் கேட்டதையே கேட்டார், தெரியாததைக் கூட்டினால் தெரியாதது பெருகாதா என்று. மடிக்கணினி என் பக்கம் வந்தது. முந்தின நாள் சண்டையில் கிடைத்த பதில் எனக்குக் கைவசம் இருந்தது. கூட்ட விடாதீர்கள், நிறுத்துங்கள், யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவர் மறுத்தார், நான் விடவில்லை, இன்னும் இரண்டு பேர் உள்ளே புகுந்தார்கள். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில் அந்த மூத்தவர், இது எளிதல்ல, ஆனால் இதை எழுதிப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது என்றார். வாக்கெடுப்பு அடுத்த மாதம். கூட்டம் முடிந்ததும் உக்கிரபாண்டி அண்ணன் எழுந்து போய் எல்லோருக்கும் டீ சொன்னார். பதினோரு வருடக் கோரிக்கையை விட்டுக்கொடுத்தவர் போலவே தெரியவில்லை. "அண்ணே" என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "சும்மாரு. நேத்து டிபன் பாக்ஸைக் கழுவுன கழுவுல நான் ராத்திரி தூங்கல" என்றார்.

டீ வருவதற்குள் மலையாளி அம்மாவிடமிருந்து மெயில் வந்தது. ஷாகிர் விஷயத்தில் இப்போது எதுவும் செய்ய வேண்டாம், மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன். மன்னிப்பும் இல்லை, உறுதியும் இல்லை. அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தார். இமானுவேல் கையைத் தட்டப் போய், இது தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

ஷாகிர் பாயின் போன் அடித்தது. சுஹா. அவர் கையில் டீ இருந்ததால் போனை மேசையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டார். "என்னாச்சு? தவ்ஃபீக் கேக்குறான், இன்னிக்கே பாஸ்போர்ட் காப்பி அனுப்பணுமாம். அனுப்பவா வேணாமா?"

ஷாகிர் பாய் டீயை மேசையில் வைத்தார். இந்த ஒரு மாதத்தில் யார் கேட்டாலும், அதெல்லாம் முடிஞ்சு போச்சு, போறதுதான் என்று உடனே பதில் சொன்ன மனுஷன். "இன்னும் தெரியல சுஹா" என்றார். சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். "நெசமாவே தெரியல. அனுப்பாத. கொஞ்சம் பொறு."

அந்தப் பக்கமிருந்து சுஹா, "அப்ப வெள்ளிக்கிழமை லாமியா பள்ளிக்கூடத்து விழாவுக்கு உங்க பேரையும் எழுதிக் கொடுக்கவா?" என்று கேட்டார்.

"எழுதிக் கொடு" என்றார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்களிடம் வாரேன் என்று சொன்னாரா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே சாலையோரத்தில் நுங்கு வண்டிக்காரனிடம் நின்று, இளசாகப் பார்த்து எடுக்கச் சொல்லி வம்பு பண்ணிக்கொண்டிருந்தார். நான்கைந்து நுங்கை ஓலையில் கட்டி வாங்கிக்கொண்டார். கீழக்கரை பஸ் வந்து கூட்டம் முண்டியடித்தது. ஷாகிர் பாய் அவசரப்படவில்லை. எல்லோரும் ஏறும்வரை நின்று, ஓலைக் கட்டு நசுங்காமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல், கண்டக்டர் முழங்கையைப் பற்றித் தூக்கிவிட, படியேறினார்.